நூலகந் தேடும் நெறி

நூலகம் என்றதும் நூல்கள் அடுக்கிய அலுமாரிகளே நம் நினைவுக்கு வருவன. கணினியியலார் அச்சொல்லைப் பிறிதொரு பொருளில் வழங்குவர். செய்நிரல்கள் பலவற்றுக்கும் பொதுவாக வேண்டப்படும் கட்டளைத் தொகுதிகளைத் திரட்டி வைத்த கோப்பே அவர் கூறும் நூலகம். ஒவ்வொரு செய்நிரலும் அவற்றைத் தன்னகத்தே சுமவாது, இயங்கத் தொடங்குங்கால் அக்கோப்பிலிருந்து பெற்றுக்கொள்ளும். 1988 இல் வெளிவந்த சன்ஓஎஸ் 4.0 இம்முறையைக் கைக்கொண்டது. இன்று லினக்ஸிலும் இதுவே வழக்கு.

பலர்க்கும் பொதுவான லினக்ஸ் கணினியொன்றிற் பயிலும் மாணவனுக்கு நிருவாகியின் அதிகாரம் இல்லை. பொது அடைவுகளில் அவன் எதனையும் எழுத இயலாது. ஆயினும் மூலநிரலைப் பெற்று, நூலகத்தையும் செய்நிரலையும் தன் இல்ல அடைவிலேயே நிறுவிக்கொள்ளலாம். நிறுவுதல் இடரின்றி முடியும். இயக்கப் புகுங்காலோ, நூலகக் கோப்பைத் திறக்க இயலவில்லை என்னுஞ் செய்தி தோன்றும். கோப்புக் கண்முன்னே இருப்பவும் இவ்வாறு நேர்வது எதனால்?

தேடல் இருமுறை நிகழ்வதே காரணம். செய்நிரலை ஆக்குங்கால் இணைப்பி ஒருமுறை தேடும்; இயக்குங்கால் இயக்க இணைப்பி மீண்டுந் தேடும். முன்னதற்கு நாம் காட்டிய இடத்தைப் பின்னது அறியாது. செய்நிரலில் நூலகத்தின் பெயர் பதியுமேயன்றி, அஃது இருக்கும் இடம் தானாகப் பதிவதில்லை. எனவே இயக்க இணைப்பி, நிருவாகி ஆக்கிய பட்டியலிலும் பொது அடைவுகளிலுந் தேடி, காணாது மீளும்.

அதற்கு இடத்தை அறிவிக்க மாணவனுக்கு இருவழி உள. முதலாவது, 'எல்டி லைப்ரறி பாத்' என்னுஞ் சூழல் மாறியில் இடத்தைக் குறித்தல். இஃது எளிது, ஆயின் ஊரறியப் பறையறைதல் போன்றது. அச்சூழலில் தொடங்கும் செய்நிரல்கள் யாவும் அதனைக் கேட்கும். அவ்விடத்தே ஒரே பெயருடைய பழைய நூலகம் இருப்பின், தொடர்பற்ற பிற செய்நிரல்களும் அதனையே எடுத்துக் குலையும். மேலும், இடங்களைப் பிரிக்கும் முக்காற்புள்ளி ஈற்றில் வீணே நிற்பின், அப்போது நிற்கும் அடைவும் தேடப்படும். பிறர் அங்கு இட்ட தீய கோப்பும் உட்புகலாம். நிருவாகியின் அதிகாரத்தை ஏற்று இயங்குஞ் செய்நிரல்களைத் தொடங்குகையில் இயக்க இணைப்பி இம்மாறியைப் பொருட்படுத்தாமை இவ்வச்சம் பற்றியே.

இரண்டாவது, செய்நிரலை ஆக்கும்போதே நூலகத்தின் இடத்தை அதனுள் எழுதிவிடுதல். 'ஆர்பாத்' எனவும் 'ரன்பாத்' எனவும் வழங்குவன இவையே. அதன் பயன் அச்செய்நிரலின் எல்லையைக் கடவாது. 'ஒறிஜின்' என்னுங் குறியை இட்டால், செய்நிரல் இருக்கும் அடைவிலிருந்தே வழி கணிக்கப்படும். ஆதலின் முழுத் தொகுதியையும் வேறிடம் பெயர்த்தாலும் பழுது நேராது. எந்நூலகம் எங்கிருந்து பெறப்படுகின்றதென்பதை 'எல்டிடி' என்னுங் கட்டளையாற் கண்டறியலாம்.

ஆகவே, சூழல் மாறியைச் சோதனைக்குங் குறுகிய தேவைக்கும் கொள்க; நிலைத்த பயனுக்கு இடத்தைச் செய்நிரலிலேயே பொறிக்க. அதிகாரம் இல்லையென்று மாணவன் கைகட்டி நிற்றல் வேண்டா. பொதுவிடத்தைத் தொடாது, அயலார்க்கு இடையூறின்றித் தன் இல்லத்தைச் செம்மைசெய்ய இந்நெறியை அறிந்தால் அமையும்.