மொனராகலைக் காடுகளும் அவற்றை நாடி வருவோரும்

ஊவா மாகாணத்தின் தென்கிழக்கில் பரந்து கிடப்பது மொனராகலை மாவட்டம். பரப்பளவில் அநுராதபுரத்துக்கு அடுத்தபடியாக இலங்கையின் இரண்டாவது பெரிய மாவட்டம் இதுவேயாகும். மேற்கே பதுளையின் தேயிலை மலைகள் படிப்படியாக இறங்கி வந்து இதனோடு கலக்கின்றன. மரகலை மலையின் சரிவுகளில் இறப்பர்த் தோட்டங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. அவற்றைத் தாண்டித் தெற்கே சென்றால் மழை குறைந்த சமவெளியும், முட்புதரும், குளங்களும், யானைகள் உலவும் காடும் தொடங்குகின்றன. யால, உடவளவை, கல்லோயா, லுணுகம்வெஹெர என்னும் நான்கு தேசிய வனப்பூங்காக்கள் இம்மாவட்டத்தைத் தொட்டு நிற்கின்றன. இத்தனை வனப்பூங்காக்களின் அயலிலே வாழும் பேறு நாட்டின் வேறு மாவட்டத்து மக்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

இக்காடுகளைக் காண வருவோரின் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஒரே சீராக இருப்பதில்லை. சில காலங்களில் வாயிலிலே ஜீப் வண்டிகள் விடியுமுன் வரிசை கட்டி நிற்கின்றன. வேறு சில காலங்களில் காவலாளியும் மயிலுமே அங்கு காட்சி தருகின்றனர். இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் யாது? கூட்டம் பெருகுவது காட்டுக்கு நன்மையா, தீமையா? அதனால் அயலிலுள்ள மக்களுக்கு யாது பயன்? இவ்வினாக்களை ஆராய்வது பயனுடையதாகும்.

வனப்பூங்கா என்னும் பெயர் தோன்றுவதற்கு மிக முன்னரே இக்காட்டுக்கு மனிதர் வந்தனர். அவர்கள் விலங்குகளைக் காண வந்தவர்கள் அல்லர். வேலனைக் காண வந்தவர்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கால்நடையாக வந்த அடியார்கள், ஒகந்தையில் தங்கி, கும்பக்கன் ஓயாவைக் கடந்து, குமனைக் காட்டையும் யாலக் காட்டையும் ஊடறுத்துக் கதிர்காமத்தை அடைந்தனர். மலைநாட்டுத் தோட்டத்து அடியார்கள் வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமத்துக்குச் சென்றனர். ஆற்றங்கரையிலே அடுப்பு மூட்டி, மரத்தடியிலே படுத்து, மறுநாள் நடந்த அவ்வடியார்களே இந்நாட்டுக் காட்டு முகாம்களின் முதல் குடிகள் எனலாம்.

அந்நாளிலும் கூட்டத்தின் தொகை அரசாங்கத்தின் கவலைக்குரிய பொருளாக இருந்தது. வாந்திபேதி போன்ற கொள்ளைநோய்கள் யாத்திரிகரோடு பரவும் என்ற அச்சத்தால், ஆங்கில ஆட்சியினர் யாத்திரையைக் கண்காணித்தனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கிய லெனாட் வுல்ஃப், திருவிழாக் காலத்தில் கதிர்காமத்துக்குச் சென்று ஒழுங்குகளை மேற்பார்வை செய்தார். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்றவரும் அவரே. 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் திஸ்ஸமகாராமையிலிருந்து கதிர்காமத்துக்கு மோட்டார்ப் பாதை அமைந்தபின் நிலைமை முற்றிலும் மாறியது. பல நாள் நடை சில மணி நேரப் பயணமாயிற்று. ஆயிரக்கணக்கில் வந்தோர் இலட்சக்கணக்கில் வரத் தொடங்கினர். பாதை ஒன்று திறந்தால் கூட்டம் தானே வந்து சேரும் என்னும் உண்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வனப்பூங்காக்களின் வரலாறும் இக்காலத்தை ஒட்டியதே. 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டாகிய 1938இல் யாலவும் வில்பத்துவும் நாட்டின் முதல் இரு தேசிய வனப்பூங்காக்களாயின. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் ஏற்பட்டது. கல்லோயாத் திட்டத்தால் உருவான சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காக்கும் பொருட்டு 1954இல் கல்லோயா வனப்பூங்காவும், உடவளவை நீர்த்தேக்கத்தைச் சூழ 1972இல் உடவளவை வனப்பூங்காவும், 1995இல் லுணுகம்வெஹெர வனப்பூங்காவும் அமைந்தன. இவற்றுள் பின்னைய மூன்றும் நீர்த்தேக்கங்களை ஒட்டிப் பிறந்தவை என்பது கருதத்தக்கது. உழவனுக்காகக் கட்டிய அணையே யானைக்கும் புகலிடம் ஈந்தது. அரணுக்கு உறுப்பாக நீரையும் மலையையும் காட்டையும் ஒருங்கே வைத்து எண்ணிய வள்ளுவரின் கருத்து இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே.

இனி, வருவோர் தொகையைக் கூட்டியும் குறைத்தும் விடும் காரணங்களைக் காண்போம். அவற்றுள் முதன்மையானது நாட்டின் அமைதி. உள்நாட்டுப் போர்க்காலத்தில் யால கிழக்கு எனப்பட்ட குமனைப் பூங்கா 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. பாதயாத்திரையும் தடைப்பட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை யாலக் கரையைத் தாக்கி, பட்டணங்கலைக் கடற்கரையில் நின்றிருந்த உல்லாசப் பயணிகள் பலரின் உயிரைக் குடித்தது. 2009இல் போர் முடிவுற்றது. அவ்வாண்டில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 4,47,890 பேர். 2018இல் வந்தவர்களோ 23,33,796 பேர். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம். அவர்களுள் பெருந்தொகையினர் யானையையும் சிறுத்தையையும் காண விழைந்து யாலவுக்கும் உடவளவைக்கும் வந்தனர். 2011இல் காலி வரையும், 2020இல் மத்தள வரையும் நீண்ட தெற்கு அதிவேகப் பாதை கொழும்புக்கும் காட்டுக்கும் இடையிலான நேரத்தை மேலும் சுருக்கியது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல, 2019 ஏப்ரல் மாதத்து உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் இவ்வளர்ச்சியைச் சிதைத்தன. தொடர்ந்து 2020இல் கொரோனாத் தொற்று வந்தது. பூங்கா வாயில்கள் மூடப்பட்டன. 2021இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1,94,495 பேர் மட்டுமே. 2022இல் பொருளாதார நெருக்கடி மூண்டு, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், சவாரி ஜீப்புக்கு எண்ணெய் கிடைப்பது எங்ஙனம்? பின்னர் நிலைமை சிறிது சிறிதாகச் சீரடைந்தது. 2023இல் 14,87,303 பேரும், 2024இல் 20,53,465 பேரும் வந்தனர்.

இதே கொள்ளைநோய் உலகின் மற்றொரு பக்கத்தில் நேர்மாறான விளைவைத் தந்தது என்பது வியப்பூட்டும் செய்தி. உலகின் முதல் தேசிய வனப்பூங்காவாக 1872இல் அமைந்த அமெரிக்காவின் யெலோஸ்டோனுக்கு, 2021இல் ஏறத்தாழ 48 இலட்சத்து 60 ஆயிரம் வருகைகள் பதிவாயின. அதுவரை எந்த ஆண்டும் அத்தொகையைக் கண்டதில்லை. அந்நாட்டினர் விமானம் ஏறித் தொலைநாடு செல்ல இயலாமற் போகவே, சொந்தக் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு தம் நாட்டுக் காடுகளுக்கே சென்றனர். அங்கு காட்டைக் காண்போர் பெரும்பாலும் அந்நாட்டு மக்கள். இங்கோ பூங்காக்களின் வருவாய் வெளிநாட்டவரைப் பெரிதும் நம்பியுள்ளது. அவர்களிடம் டொலர் கணக்கில் அறவிடும் கட்டணம் உள்நாட்டவர் செலுத்துவதைப் போலப் பல மடங்கு. ஆதலால் விமானம் நின்றதும் பூங்காவின் வருவாயும், ஜீப் ஓட்டுநரின் அடுப்பும் ஒருங்கே தணிந்தன. அயலூர் மக்களைத் தன் விருந்தினராக்கிக் கொள்ளாத காடு, தொலைவிலுள்ள விருந்தினரின் தயவையே எதிர்நோக்க வேண்டியதாகிறது.

தொகையினும் அது பரவும் முறையே முக்கியமானது. யால வனப்பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர். அதில் முதலாம் பிரிவு ஏறக்குறைய 141 சதுர கிலோமீற்றர், அதாவது ஏழில் ஒரு பங்கு. உலகிலேயே சிறுத்தைகள் செறிந்து வாழும் இடங்களுள் ஒன்று எனப் பெயர் பெற்ற அவ்வொரு பங்குக்குள்ளேயே கூட்டத்தின் பெரும்பகுதி நெருக்குகின்றது. சிறுத்தை ஒன்று பாலை மரக்கிளையில் படுத்திருக்கும் செய்தி தொலைபேசியில் பறந்தவுடன், நாற்புறமிருந்தும் ஜீப்புகள் விரைகின்றன. மணிக்கு 25 கிலோமீற்றர் என்ற வேக எல்லை மறக்கப்படுகின்றது. வாகனம் மோதி விலங்குகள் மாண்டதும் உண்டு. தொலைதேசத்திலிருந்து வந்தவர் சிறுத்தையின் வாலைக் காண்பதற்குப் பதிலாக முன்னே நிற்கும் வண்டியின் பின்புறத்தைக் கண்டு திரும்புகின்றார். அதே வேளையில், யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் அரிய காட்சியைப் படகிலிருந்து காணக்கூடிய கல்லோயாவில் அமைதி நிலவுகின்றது. ஓரிடத்தில் நெரிசலும் மற்றோரிடத்தில் வெறுமையும் இருப்பின், குறை தொகையில் இல்லை, பங்கீட்டிலேயே உள்ளது.

கூட்டம் விலங்கின் குணத்தையும் மாற்றிவிடும் என்பதற்குப் புத்தலையிலிருந்து கதிர்காமம் செல்லும் பாதையே சான்று. இப்பாதை காட்டின் ஊடே செல்கின்றது. அடியார்கள் இரக்கத்தினால் பழமும் கரும்பும் எறியத் தொடங்கினர். நாளடைவில் சில ஆண் யானைகள் பாதை நடுவே நின்று, வாகனங்களை மறித்து, யன்னல் வழியே துதிக்கையை நீட்டக் கற்றுக்கொண்டன. பெற்றால் விலகும், பெறாவிடின் சினக்கும். வாகனங்கள் சேதமுற்றதும் மனிதர் காயமுற்றதும் உண்டு. உடவளவையின் மின்வேலி ஓரத்திலும் இதே காட்சியைக் காணலாம். தன் இரையைத் தானே தேடும் பெருவிலங்கைக் கையேந்த வைத்தது யார்? பசியன்று; மனிதரின் தவறான அன்பே. இவ்வாறு பழகிய யானை பின்னர் சேனைப் பயிருக்குள்ளும் குடிசைக்குள்ளும் உணவு நாடி நுழையும்போது, அதன் விலையைச் செலுத்துபவன் மொனராகலையின் ஏழை உழவன்.

காட்டினுள்ளே இரவு தங்குவோரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். திணைக்களம் முன்பதிவின் பேரில் பயணிகள் பங்களாக்களையும் ஆற்றங்கரைக் கூடாரத் தலங்களையும் வழங்குகின்றது. பகற்காட்சியோடு திரும்புவோரைவிட இவ்வாறு தங்குவோர் மிகச் சிலரே. ஆயினும் விறகு, நெருப்பு, கழிவு, நீர் என்னும் நான்கினாலும் காட்டோடு அவர்களுக்குள்ள தொடர்பு நெருக்கமானது. ஒரு கூடாரம் விட்டுச் செல்லும் தீங்கு சிறிது. பல்லாயிரம் பேர் விட்டுச் செல்வது பெரிது. போருக்குப் பின் பாதயாத்திரை மீண்டும் தழைத்து, இன்று ஆண்டுதோறும் பல்லாயிரம் அடியார்கள் குமனை, யாலக் காடுகளின் வழியே நடக்கின்றனர். கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் அக்காட்டு வழி திறக்கப்படுகின்றது. அக்காலத்தில் தண்ணீரும் உணவும் அன்பர்களால் வழங்கப்படுகின்றன. முன்னாளில் அடியார் விட்டுச் சென்றது இலையும் சாம்பலும். இந்நாளில் பிளாஸ்டிக் போத்தலும் பொலித்தீன் உறையும். இலை மட்கும், பொலித்தீன் மட்காது. மானும் மரையும் அதனை உண்டு மடியக்கூடும். பக்தி பழையதாயினும் பொதி புதியதாகிவிட்டது என்பதை அடியார்கள் உணர்தல் நலம்.

இதற்குப் பரிகாரம் யாது? பிறநாட்டு அனுபவம் சில வழிகளைக் காட்டுகின்றது. ஆபிரிக்காவின் ருவாண்டாவில் மலைக் கொரில்லாக் கூட்டம் ஒன்றை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே, அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே காண அனுமதிக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டில், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவினால், 2024 மே மாதம் 7ஆம் நாள் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்னதாகவே இணைய வழி அனுமதி பெற வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எல்லையும் வகுக்கப்பட்டது. முன்னையது காட்டுக்குள்ளே வகுத்த எல்லை. பின்னையது மலையடிவாரத்தில் வகுத்த எல்லை. இரண்டின் கருத்தும் ஒன்றே. கலத்தின் கொள்ளளவை அறிந்த பின்னரே நீரை முகக்க வேண்டும்.

யாலவிலும் இவ்வழியில் சில முயற்சிகள் உள. வறட்சி கடுமையாகும் செப்டெம்பர் மாதத் தொடக்கம் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை முதலாம் பிரிவை மூடிவைப்பது வழக்கம். எஞ்சிய சில நீர்நிலைகளை நாடிவரும் விலங்குகளுக்கு அவ்வோய்வு இன்றியமையாதது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தவணை விடுமுறை எவ்வளவு தேவையோ, காட்டுக்கும் அவ்வளவு தேவை. முதலாம் பிரிவின் நெரிசலைத் தணிக்கப் பிற பிரிவுகளுக்கும் வழி திறக்கப்பட்டுள்ளது. புத்தல-கதிர்காமப் பாதையிலுள்ள கல்கே வாயில் அத்தகையது. இவ்வாயில் மொனராகலைப் பக்கத்தில் அமைந்திருப்பதால், அதன் வழியே வருவோர் பெருகினால், உணவுச்சாலையும் வழிகாட்டித் தொழிலும் தங்குமிடமும் புத்தல, வெல்லவாய வட்டாரத்து இளைஞருக்கு வாழ்வளிக்கும். காட்டினால் தனக்குப் பயன் உண்டு என்று காணும் ஊரான், அக்காட்டுக்குத் தானே காவலாவான். யானையால் பயிரை மட்டும் இழப்பவனிடம் யானையைக் காக்கும்படி உபதேசிப்பது பயன் தராது.

அயலிலே நான்கு வனப்பூங்காக்கள் இருந்தும், தோட்டத்து லயங்களில் வாழும் பிள்ளைகள் பலர் அவற்றினுள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. உள்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் குறைவே; ஜீப்பின் வாடகையே எட்டாத உயரத்தில் நிற்கின்றது. பாடசாலைகள் ஒன்றுகூடி, கூட்டம் குறைந்த வேலை நாட்களில், திணைக்களத்தின் முன்னனுமதியோடு பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் கூடாத காரியமன்று. பாடப்புத்தகத்தில் கண்ட யானையைக் குளக்கரையில் கன்றோடு கண்ட பிள்ளை, பெரியவனானபின் அதன்மீது கல்லெறியத் தயங்குவான்.

அடுத்த ஆடித் திருவிழாவுக்குப் புத்தல வழியே செல்லவிருக்கும் நேயர்கள் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்வார்களாக. பாதையில் யானை மறித்தால் எதனையும் எறியாமல், கண்ணாடியை உயர்த்தி, தொலைவிலேயே வண்டியை நிறுத்திப் பொறுத்திருத்தல் வேண்டும். மாணிக்க கங்கையின் கரையில் பொதிச்சோறு உண்டபின், வெறும் போத்தலையும் உறையையும் கொண்டுவந்த பையிலேயே திரும்பக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வருவோர் தொகை ஏறினாலும் இறங்கினாலும், இவ்விரண்டையும் வருவோர் ஒவ்வொருவரும் இன்றே செய்யத் தொடங்கலாம்.