36 பீப்பாய் பீரைக் கொட்டிய ஊர்

1838-இல் செக் நாட்டின் பில்சன் நகரமன்றத்துக்கு எதிரே 36 பீப்பாய் பீரைத் தெருவில் கவிழ்த்தார்கள். கெட்டுப்போன சரக்கு, குடிக்க லாயக்கில்லை என்று தீர்ப்பு. கொட்டிய கையோடு, பீர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த ஊர்க்காரர்கள் கூடிப் பேசிப் புது ஆலை ஒன்றைக் கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள்.

1842 அக்டோபர் 5 அன்று அவர் காய்ச்சத் தொடங்கிய பீர், பொன்னிறத்தில் கண்ணாடிபோலத் தெளிந்து வந்தது. அதுவரை அங்கே பீர் கறுத்தும் கலங்கியும்தான் இருக்கும். உப்புச் சத்து குறைந்த உள்ளூர்த் தண்ணீர், வெளிறிய பார்லி மால்ட், ஷாடெட்ஸ் பகுதி ஹாப்ஸ், குளிரில் நிதானமாக வேலை செய்யும் ஈஸ்ட் ஆகியவை சேர்ந்த கைவண்ணம் அது. இன்று உலகில் விற்கும் பீரில் பெரும்பகுதி இதன் வாரிசுதான்.

பில்சனுக்குப் பிராகிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

முதலில் நடுச்சதுக்கம். புனித பர்த்தலமேயு பேராலயத்தின் கோபுரம் 102 மீட்டர். செக் நாட்டுத் தேவாலயக் கோபுரங்களில் இதுவே உயரம். 301 படி ஏறினால் ஊர் முழுவதும் காலடியில். கீழே பொன்னிற நீரூற்றுகள் மூன்று. அவற்றில் ஒன்று ஒட்டகமாம், சொன்னால்தான் தெரியும்! 1433-34-இல் ஊரை முற்றுகையிட்ட ஹுஸ்ஸைட் என்னும் சமயக் கிளர்ச்சிப் படையிடமிருந்து பில்சன்காரர்கள் ஒட்டகம் ஒன்றைப் பிடித்தார்கள். மெச்சிய பேரரசர் சிகிஸ்மண்ட் அதை நகரச் சின்னத்திலேயே ஏற்றிவிட்டார்.

பக்கத்திலேயே பீர் அருங்காட்சியகம். அங்கிருந்து, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, நகரின் அடியில் ஓடும் பழைய சுரங்க வழிகளுக்குள் இறங்கலாம். 14-ஆம் நூற்றாண்டு முதல் வீட்டுக்கு வீடு தோண்டிய நிலவறைகளும் கிணறுகளும் ஒன்றோடொன்று இணைந்து உருவான வலை அது. உணவும் பீரும் கெடாமல் இருக்க அன்றைக்கு வேறு வழி ஏது?

1893-இல் திறந்த பெரிய யூத ஆலயத்தின் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. பேட்டன் நினைவு அருங்காட்சியகமும் உண்டு. 1945 மே 6 அன்று ஊரை விடுவித்தது ஜெனரல் பேட்டனின் அமெரிக்கப் படை. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அதை வெளிப்படையாகக் கொண்டாட முடியவில்லை.

மதியத்தை, குரோல் பீர் காய்ச்சிய அந்த ஆலைக்கே ஒதுக்குவது நல்லது. அதன் பீர் பாட்டில் சின்னத்தில் காணும் வளைவு வாசல் 1892-இல் எழுப்பியது. உள்ளே செப்புக் கொப்பரைகள். அடியில் சுமார் 9 கிலோமீட்டர் குகைப் பாதைகள். கோடையிலும் அங்கே குளிர் கடிக்கும், ஸ்வெட்டர் அவசியம். கடைசியில், ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை அப்படியே பிடித்துத் தருவார்கள். குடிக்காதவர்களுக்கும் இந்த நிலவறைகள் அலுக்காது.

மாலையில் ஏதேனும் மதுக்கூடத்தில் உட்கார்ந்தால், கோப்பை நிறைய நுரை மட்டுமே ததும்பும் 'ம்லீகோ'வைக் கேட்டுப் பார்க்கலாம். ஏமாற்று வேலை இல்லை, அது அவர்கள் விரும்பிக் குடிக்கும் வகை. ஆனால் காரில் வந்தவர் தொடக்கூடாது. செக் சட்டப்படி, வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக்கூடாது. அதனால்தான் ரயில்.