அறுபத்தைந்தாம் வயதில் ஒரு தெரிவு
(அமெரிக்காவில் வாழும் நம் பழைய மாணவர்களுக்கு)

ஸ்கந்தபுரம், பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு எனக் கணக்கிட்டுச் சொன்னார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுத்து உதவுபவன் என்பன அவை. இக்காலத்தில் ஐந்தாம் உறுப்பொன்றும் வந்து சேர்ந்திருக்கின்றது. அம்மருந்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதே அது. இவ்வைந்தாம் உறுப்பைப் பற்றியே இக்கட்டுரை பேசும்.

தமிழாசிரியன் ஒருவன் காப்புறுதியைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. நம் கல்லூரியில் எழுபதுகளிலே படித்து, 1984ஆம் ஆண்டு நாட்டை விட்டுப் புறப்பட்டு, ஈற்றில் அமெரிக்காவிலே குடியேறியவர் என் தாய்மாமனார். அவருக்கு நேர்ந்த ஓர் இடர்ப்பாட்டின் பின், மாமியும் படித்து விளங்கிக்கொள்ளும்படி அந்நாட்டுக் காப்புறுதிப் பத்திரங்களின் சாரத்தைத் தமிழில் எழுதி அனுப்புமாறு என்னைக் கேட்டனர். அப்பணியிற் கற்றவற்றை நம் பழைய மாணவர் பிறரும் அறிந்தால், அவருக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேராது தப்பும் என்று எண்ணியே இதனை எழுதலானேன்.

இங்கும் அங்கும்

என் தாயார் மாதந்தோறும் தம் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அக்கராயன் வைத்தியசாலைக்குச் செல்கின்றார். வைத்தியர் பார்க்கின்றார்; மருந்து கிடைக்கின்றது; பணம் கேட்பாரில்லை. சில வேளைகளில் மருந்து கையிருப்பில் இல்லையென்று துண்டு எழுதிக் கொடுப்பர். அப்பொழுது கிளிநொச்சிக் கடையிலே வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே இத்துண்டுகள் பெருகியதை நாம் மறந்துவிடவில்லை. எனினும், எந்தத் திட்டத்திற் சேர்வது, எந்தத் திகதிக்குள் சேர்வது என்ற கேள்வி என் தாயாருக்கு ஒருநாளும் எழுந்ததில்லை.

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்க்கு அறுபது வயது நிரம்பினால் வைத்தியர் எழுதும் மருந்துக்குக் கட்டணமில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அம்மாகாணச் சுகாதாரக் காப்புறுதி உடையவருக்கு அறுபத்தைந்து வயதானதும் அரசாங்கத்தின் மருந்துத் திட்டம் தானாகவே வந்து சேரும். அமெரிக்காவோ அவ்வாறன்று. அங்கே அறுபத்தைந்தாம் வயதில் ஒரு வாயில் திறக்கும். எவ்வறைக்குட் புகுவது என்பதைத் தாமே தெரிந்தெடுத்தல் வேண்டும். அதனைக் குறித்த காலத்துள் செய்தலும் வேண்டும். அவ்வாயிலின் பெயர் மெடிக்கெயார்.

மாமனார் செய்த பிழை

மாமனாருக்கு 2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அறுபத்தைந்து வயது நிரம்பியது. திடகாத்திரமான உடம்பு. வைத்தியசாலைக்கும் வைத்தியருக்கும் உரிய பகுதிகளில் உரிய காலத்திலே சேர்ந்துகொண்டார். மருந்துக்குரிய பகுதியிலே சேரவில்லை. ‘ஒரு குளிசையும் குடிக்காத எனக்கு மருந்துக் காப்புறுதி எதற்கு, தம்பி?’ என்று தொலைபேசியிலே சிரித்தார். யானும் உடன் சிரித்தேன்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் நீரிழிவும் இருதய நோயும் ஒருங்கே வெளிப்பட்டன. உடனே மருந்துக் காப்புறுதியிற் சேர முயன்றார், இயலவில்லை. ஆண்டுதோறும் ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரையுமே அதற்குரிய காலம். அப்பொழுது சேர்ந்தாலும் காப்பு ஜனவரி முதலாந் திகதியே தொடங்கும். ஆகவே அவ்வாண்டு முழுவதும் மருந்துகளைத் தம் கைப்பணத்தில் வாங்கினார். மாமி தம் காப்பு ஒரு சோடியை விற்றார் என்பதைப் பின்னரே அறிந்தோம். மருந்துக்குக் காப்பு இல்லாமையாற் கைக்காப்புப் போயிற்று.

நான்கு பகுதிகள்

மாமனார் ஏன் ஏமாந்தார் என்பதற்கு அத்திட்டத்தின் வரலாறே விடை கூறும். 1965ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி, மிசூரி மாநிலத்து இன்டிபென்டன்ஸ் நகரிலே, முன்னாள் சனாதிபதி ஹரி ட்றூமன் அருகிருக்க, சனாதிபதி லின்டன் ஜோன்சன் மெடிக்கெயார் சட்டத்திற் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு யூலை முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அன்று அதிலே இருந்தவை இரண்டே பகுதிகள். ‘ஏ’ பகுதி வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது; ‘பீ’ பகுதி வைத்தியர், பரிசோதனை முதலியவற்றுக்கு உரியது. வீட்டிலிருந்து நாளாந்தம் உட்கொள்ளும் மருந்துகளுக்கு அதிலே பெரும்பாலும் இடமில்லை. 2003ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றப்பட்டு, 2006 ஜனவரி முதலாந் திகதியே மருந்துக்குரிய ‘டீ’ பகுதி தொடங்கியது. பழைய வீட்டுக்குப் பிற்காலத்திற் கட்டிய பத்தி போல அது தனியே நிற்கின்றது. பெருவீட்டினுட் புகுந்தவர், பத்திக்கு வேறு திறப்பு உண்டென்பதை அறியாதிருத்தல் எளிது.

‘சீ’ பகுதி என்பது வேறொரு வழி. அரசாங்கத்தின் அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்கள் ஏ, பீ பகுதிகளின் நன்மைகளைத் தாமே பொறுப்பேற்று, பெரும்பாலும் மருந்தையும் சேர்த்து வழங்குவது அது. அதனை மெடிக்கெயார் அட்வான்டேஜ் என்பர்.

பத்து ஆண்டளவு, அஃதாவது நாற்பது காலாண்டுகள், வேலைசெய்து வரி செலுத்தியவர்க்கு ஏ பகுதிக்குக் கட்டுப்பணம் இல்லை. வேலைக்குச் செல்லாத மனைவியும் கணவனின் உழைப்பின் பேரில் அவ்வுரிமையைப் பெறலாம். பீ பகுதிக்கு 2026ஆம் ஆண்டில் மாதக் கட்டுப்பணம் பொதுவாக 202 டொலர் 90 சதம். வருமானம் மிகுந்தோர் கூடுதலாகக் கட்டுவர்.

காலமும் தண்டமும்

முதன்முதற் சேர்வதற்குரிய காலம் ஏழு மாதங்கள். அறுபத்தைந்து வயது நிரம்பும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று. வன்னியிலே குளத்து நீரை நம்பி விதைப்போர், கூட்டத்திலே குறித்த திகதிக்குள் விதைப்பை முடித்தல் போல, இதனையும் அக்காலத்துள் முடித்தல் வேண்டும்.

காலந் தாழ்த்தியவர்க்குத் தண்டம் உண்டு. பீ பகுதியிலே முழுமையான ஒவ்வொரு பன்னிரண்டு மாதத் தாமதத்துக்கும் கட்டுப்பணத்திற் பத்து வீதம் கூடும். டீ பகுதியிலே, அதற்கு ஈடான வேறு காப்பின்றி அறுபத்துமூன்று நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தால், காப்பற்ற ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைக் கட்டுப்பணத்தில் ஒரு வீதம் கூடும். மாமனாரின் கணக்கைப் பாருங்கள். 2023 ஒக்டோபர் முதல் 2025 டிசெம்பர் வரை இருபத்தேழு மாதங்கள். 2026இல் அடிப்படைக் கட்டுப்பணம் 38 டொலர் 99 சதம். அதில் இருபத்தேழு வீதம், கிட்டிய பத்துச் சதத்துக்கு, 10 டொலர் 50 சதம். இத்தொகை ஒரு முறை கட்டித் தீர்வதன்று. டீ பகுதியில் இருக்கும் காலமெல்லாம் மாதந்தோறும் கட்டுவது. அடிப்படைக் கட்டுப்பணம் மாறுந்தோறும் அதுவும் மாறும்.

இஃது அநீதி அன்றோ என்று மாமி கேட்டார். யான் நம்மூர் மரண சகாயச் சங்கத்தை நினைவூட்டினேன். நலமாக இருக்கும் பலர் மாதந்தோறும் கட்டுவதனாலேயே துயருற்ற வீட்டுக்குக் கொடுக்கச் சங்கத்திற் பணம் இருக்கின்றது. நோய் வந்த பின்னரே சேர்வேன் என்று எல்லாரும் இருந்தால் சங்கம் எங்ஙனம் நிலைக்கும்? காப்புறுதியின் நியாயமும் அதுவே.

விதிவிலக்கும் உண்டு. இருபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்திலே தாமோ தம் துணைவரோ இன்னும் வேலையில் இருந்து, அவ்விடத்துக் காப்புறுதியைப் பெற்றிருப்பவர் பீ பகுதியைத் தண்டமின்றிப் பிற்போடலாம். வேலையோ அக்காப்போ முடிந்த பின் எட்டு மாதங்களுள் சேரலாம். ஆயின் வேலையை விட்ட பின் ‘கோப்ரா’ என்னும் சட்டத்தின்படி நீடித்துப் பெறும் காப்புறுதி இதற்கு ஈடாகாது. பலர் தவறுவது இவ்விடத்திலேயே. மருந்துக்கு வேலைத்தலக் காப்பு ஈடாகுமா என்பதை எழுத்திலே பெற்று வைத்துக்கொள்க.

இரண்டு வழிகள்

ஏ, பீ பகுதிகளோடு நிற்கும் பழைய வழியிலே, மெடிக்கெயாரை ஏற்கும் எந்த வைத்தியரிடமும் நாடு முழுவதும் செல்லலாம். ஆனால் ஆண்டின் முதற்செலவாக 283 டொலரைத் தாம் கொடுத்த பின்னும் பீ பகுதிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு நோயாளியுடையது. அதற்கு உச்ச வரம்பே இல்லை. இக்குறையை நிரப்பவே மெடிகாப் என்னும் துணைக் காப்புறுதி உண்டு. அறுபத்தைந்து வயதானவர்க்குப் பீ பகுதி தொடங்கிய நாள் முதல் ஆறு மாதங்கள் வரை, உடல்நிலையைக் காரணங்காட்டி எந்த நிறுவனமும் அதனை மறுக்கலாகாது. அதன் பின், சில மாநிலங்களும் சில விசேட சந்தர்ப்பங்களும் நீங்கலாக, நோயைக் காட்டி மறுக்கலாம். மாமனாரை மறுத்தனர். தண்டத்தினும் பெரிய இழப்பு அவருக்கு இதுவே.

அட்வான்டேஜ் வழியிலே கட்டுப்பணம் குறைவு. பல்லுக்கும் கண்ணுக்கும் சில உதவிகள் கிட்டும். ஆண்டுச் செலவுக்கு வரம்பும் உண்டு. ஆயின் பெரும்பாலும் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள வைத்தியரிடமே செல்லல் வேண்டும். பெரிய சிகிச்சைகளுக்கு முன்னனுமதியும் கேட்பர். பட்டினத்தில் வாழ்பவருக்கு இது போதுமாகலாம். அடிக்கடி மாநிலம் விட்டு மாநிலம் செல்பவர் நன்கு விசாரித்தே சேர்தல் நன்று. மெடிகாப்பையும் அட்வான்டேஜையும் ஒருங்கே பயன்படுத்த முடியாது.

மருந்துத் திட்டத்தைத் தெரிதல்

பெயர் பெற்ற நிறுவனம் என்றோ, கட்டுப்பணம் குறைவு என்றோ, நண்பர் சேர்ந்திருக்கின்றார் என்றோ சேர்தல் ஆகாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மருந்துப் பட்டியல் உண்டு. அதிலே மருந்துகள் படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கும். மேற்படியில் உள்ளதற்குப் பணம் அதிகம். நண்பரின் திட்டத்திலே கீழ்ப்படியில் இருப்பது அவருடைய மருந்து. உங்களுடையது அதிலே இல்லாமலும் இருக்கலாம். ஆகையால் முதலில் உங்கள் மருந்துகளின் பெயர், அளவு, நாளொன்றுக்கு எத்தனை தரம் என்பவற்றை எழுதுக. அப்பட்டியலை மெடிக்கெயாரின் இணையத்தளத்திலே இட்டால், ஒவ்வொரு திட்டத்திலும் உங்கள் ஓராண்டுச் செலவு எவ்வளவென்று காட்டும். கட்டுப்பணத்தையும் மருந்துச் செலவையும் கூட்டிய தொகையையே ஒப்பிடுக. ஒரு மருந்தும் உட்கொள்ளாதவர், ஆகக் குறைந்த கட்டுப்பணமுடைய திட்டமொன்றிலாயினும் சேர்ந்து வைப்பது அறிவுடைமை.

2022ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் இப்பகுதியிலே நன்மைகள் சில விளைந்தன. இன்சுலினுக்கு மாதம் 35 டொலருக்கு மேல் அறவிடலாகாது. திட்டத்திற்கு உட்பட்ட மருந்துகளுக்கு நோயாளி தம் கையிலிருந்து கொடுப்பது 2026இல் 2,100 டொலரை எட்டினால், அவ்வாண்டின் எஞ்சிய காலத்துக்கு ஒன்றுங் கொடுக்க வேண்டியதில்லை. வருமானம் குறைந்தோர்க்கு ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ என்னும் உதவி உண்டு. அதனைப் பெறுவோரிடம் தாமதத் தண்டமும் அறவிடப்படுவதில்லை.

சேர்ந்ததோடு பணி முடிந்துவிடாது. பட்டியல்கள் ஆண்டுதோறும் மாறும். நம்மூரிலே காலபோகத்துக்கு வயல் உழும் ஒக்டோபரிலே, அங்கே தம் மருந்துப் பட்டியலை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இதற்கு உதவ, ‘ஷிப்’ என்னும் ஆலோசனை நிலையங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டணமின்றி இயங்குகின்றன.

பெற்றோரும் ஊர்ப்பயணமும்

பிள்ளைகள் அழைத்துச் சென்ற பெற்றோருக்கு, அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்று, ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்த பின்னரே பணங் கட்டிச் சேரும் உரிமை வரும். அவர்கள் அங்கே உழைத்திராமையால் ஏ பகுதிக்கும் மாதம் ஐந்நூறு டொலருக்கு மேல் கட்ட நேரும். இதனை அறியாது, வயதான தாய் தந்தையரை அழைத்துவிட்டுக் கலங்குதல் கூடாது.

இறுதியாக, விழாவுக்கு வரவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். இலங்கையிலே நோயுற்றால் மெடிக்கெயார் பணந் தராது. மெடிகாப் திட்டங்கள் சில மாத்திரம், பயணத்தின் முதல் அறுபது நாட்களுள் நேரும் அவசர சிகிச்சைக்கு, 250 டொலரைத் தாம் கொடுத்த பின் எண்பது வீதம் தரும். வாழ்நாள் முழுவதற்கும் எல்லை 50,000 டொலர். மற்றையோர் பயணக் காப்புறுதி எடுத்து வருதல் நன்று. ஊருக்கே திரும்பி வாழ எண்ணிப் பீ பகுதியை விட்டுவிடுபவர், பின்னர் மனம் மாறி மீண்டால் தண்டம் காத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க.

மாமனார் இப்பொழுது மருந்துத் திட்டத்திலே இருக்கின்றார். சென்ற மாதம் பேசியபோது, என் தாயாரின் கிளினிக் கொப்பியைப் போலத் தாமும் ஒரு கொப்பி வாங்கி, மருந்துகளின் பெயர்களை மாமியைக்கொண்டு தமிழில் எழுதுவித்திருப்பதாகச் சொன்னார். விழாவுக்கு வரும்போது அதையும் கொண்டுவருவாராம். அறுபத்தைந்தை அணுகும் அன்பர்கள் அவரிடம் அதனை வாங்கிப் பார்க்கலாம்.