காசநோயும் கொள்ளைநோயும்

ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் திடீரென்று கால் பங்குப் பெயர்கள் குறைந்துவிட்டால், ஊரில் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள் என்று எந்தத் தலைமையாசிரியரும் கருதமாட்டார். வராத பிள்ளைகள் எங்கே என்றுதான் தேடுவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதிவேடுகளோடு பழகிய எனக்கு, 2020ஆம் ஆண்டின் காசநோய்க் கணக்கைக் கண்டபோது எழுந்த கேள்வியும் அதுவே. 2019இல் நம் நாட்டில் சுமார் 24 லட்சம் பேர் காசநோயாளர் எனப் பதிவாயினர். மறு ஆண்டில் அத்தொகை ஏறக்குறைய 18 லட்சமாகச் சுருங்கிற்று. உலகம் முழுவதிலும் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாயினர். நோய் குறைந்ததா? இல்லை, நோயாளரைக் கண்டறிவதுதான் குறைந்தது.

நம் முன்னோர் என்புருக்கி என்று பெயரிட்ட இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக, ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அந்நாளே உலகக் காசநோய் நாள். 2020இல் அதே மார்ச் 24ஆம் நாள் இரவில், கொரோனாவின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தது என்ன? முதலாவதாக, பேருந்தும் இரயிலும் நின்றன. சளிச் சோதனைக்குச் செல்ல வழியில்லை. இரண்டாவதாக, காசநோய்ப் பணியாளர் பலர் கொள்ளைநோய்ப் பணிக்கு மாற்றப்பட்டனர். காசக்கிருமியை விரைந்து காட்டும் ட்ரூநாட் முதலிய பொறிகளும் கொரோனாச் சோதனைக்குப் பயன்பட்டன. மூன்றாவது காரணம் அச்சம். இரு நோய்க்கும் இருமலும் காய்ச்சலும் பொதுவானவை. இருமினால் ஊரார் விலக்குவரோ, பிடித்துச் சென்று தனிமைப்படுத்துவரோ என்று பலர் அஞ்சினர்.

என்னிடம் பயின்ற நெசவாளர் ஒருவர் அவ்வாறு அஞ்சியே நான்கு திங்கள் வீட்டினுள் இருமிக்கொண்டிருந்தார். நோய் இன்னதென்று தெரிந்தபோது, அவருடைய சிறு மகளுக்கும் மருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சிகிச்சை பெறாத ஒரு நோயாளி ஓராண்டில் நெருங்கிப் பழகுவோரில் 5 முதல் 15 பேர் வரை தொற்றளிக்கக்கூடும் என்பர். பதிவேட்டில் விடுபட்ட ஒரு பெயரின் விலை இதுவாகும்.

மருந்துண்டு வந்தவர்க்கும் இடர் நேர்ந்தது. சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு திங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு திங்கள் அவற்றுட் சிலவும் விடாது உட்கொள்ள வேண்டும். இடையில் விட்டால், எஞ்சிய கிருமிகள் அம்மருந்துகளுக்கு அடங்காதனவாக மாறக்கூடும். பிறகு சிகிச்சை கடினமாகும், நீளும். பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைந்துவந்த காசநோய் மரணம், 2020இல் உலகளவில் மீண்டும் உயர்ந்தது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு, அதை உலகுக்கு உணர்த்தியதே நம் சென்னை நகரந்தான். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில், நோயாளர் சிலரைச் சானடோரியத்திலும் சிலரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்தளித்து ஒப்பிட்டனர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர். அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகவுமில்லை. முடிவு 1959இல் வெளியாயிற்று. மருந்தும் மேற்பார்வையும் தவறாது வந்து சேருமாயின், வீடே மருத்துவமனையாகும் என்பது அதன் பாடம். ஊரடங்குக் காலத்திலும், ஒரு திங்களுக்கோ அதற்கு மேலோ வேண்டிய மருந்தை முன்கூட்டியே கையில் பெற்றவர்கள் இடையறாது உண்ண முடிந்தது.

2022இல் நம் நாட்டுப் பதிவு மீண்டும் 24 லட்சத்தை எட்டியது. விடுபட்டவரைத் தேடிக் காணும் பணி உயிர்பெற்றது என்பதே இதன் பொருள். இன்னொரு கொள்ளைநோய் வாராது என்று யாரும் உறுதி கூற இயலாது. வருமாயின், காசநோய்ப் பணியாளரையும் பொறிகளையும் முற்றிலும் பிரித்தெடுக்காதிருப்பது அரசின் கடமை. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமுவோரை விலக்காது, துணை நின்று சளிச் சோதனைக்கு அனுப்புவது நம் கடமை. புதிய நோய் வந்தது என்பதற்காகப் பழைய நோய் விடைபெற்றுப் போவதில்லை.