அமராவதி மணலில் கிடைத்த விரலணிகள்

கொங்கு நாட்டில் மண்ணைக் கிளறுவோர்க்குப் பழம்பொருள் தட்டுப்படுதல் புதுமையன்று. எமது கருமத்தம்பட்டிக்குத் தென்மேற்கே சூலூர், அதற்கும் அப்பால் வெள்ளலூர் என அத்தகைய ஊர்கள் பல. வெள்ளலூரில் மட்டும் 1842 ஆம் ஆண்டில் 500-க்கு மேற்பட்ட உரோம வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. ஆயினும், முன்னோர் மெய்யில் அணிந்த உலோகப் பொருள்கட்குப் பெயர்பெற்றது கரூரை அடுத்த அமராவதியாறே. அவற்றைக் கண்டெடுத்தோர் அறிஞரல்லர். கோடையில் நீர் வற்றியபின் மணலை அரித்துப் பொன் தேடும் எளிய மக்கள்.

ஆற்று மணலில் அணிகலன் வந்தது யாங்ஙனம்? வெள்ளம் கரையை அரிக்கும்பொழுது பழைய குடியிருப்பின் மண்ணும் உடன் சரிகின்றது. பொன் நீரினும் 19 மடங்கு கனமுடையது. மணலோ ஏறத்தாழ இரண்டரை மடங்கே. ஆதலின் மணல் அடித்துச் செல்லப்பட, பொன் அடியில் தங்கிவிடுகின்றது. தட்டிலிட்டு நீரில் அலசுவோன் செய்வதும் வெள்ளம் செய்த அவ்வேலையையே.

இங்ஙனம் கிடைத்தவற்றுள் முத்திரை மோதிரங்கள் சிறந்தவை. ஆணும் பெண்ணுமாகிய இணையைப் பொறித்த பொன்மோதிரமொன்றை டாக்டர் இரா. நாகசாமி ஆராய்ந்து எழுதினார். ‘குறவன்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்திற் பெயர் பொறித்த மோதிரமும் கரூரிற் கிடைத்ததே. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் ஒருவன் தன் பெயரை விரலிலேயே தாங்கித் திரிந்தான்! அவன் வணிகனோ, குறுநில மன்னனோ? அதனை மோதிரம் சொல்லாது. அஃது இருந்த இடமே சொல்லும். அவ்விடத்தையோ ஆறு அழித்துவிட்டது.

இதனைக் கொடுமணலோடு ஒப்பிடுக. நொய்யற்கரையிலுள்ள அவ்வூரில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் முறையாக அகழ்ந்தபொழுது, ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. இன்ன குழி, இன்ன ஆழம் எனக் குறித்தமையால், இறந்தோர் செல்வநிலையையும் உய்த்துணர முடிந்தது. மணி சிறிதெனினும் செய்தி பெரிது.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியின் சேற்றைத் துழாவுவோர், இடைக்காலத்து இடைவார்ப் பூட்டுகளையும் ஆடையூசிகளையும் மிகுதியாக எடுத்துள்ளனர். நம்மவர் தையா ஆடையை உடுத்தியவராதலின் அத்தகைய பூட்டுகள் ஈண்டு அருகின என்பது எம் கருத்து. ஆங்கு 1997 முதல் பொதுமக்கள் கண்டெடுத்தவற்றை, இடத்தோடு குறித்துவைக்கும் ஏற்பாடு நடைபெறுகின்றது. பதிவானவை 10 லட்சத்திற்கும் மேல்.

நம் நாட்டில் கண்டெடுத்தவன் அஞ்சுகின்றான். அரசினர் பறித்துக்கொள்வர் என்று மோதிரத்தைப் பொற்கொல்லனிடம் கொடுத்து உருக்கிவிடுகின்றான். கொல்லன் சேதாரம் கழித்தே விலை தருவான். 1878 ஆம் ஆண்டின் புதையற் சட்டமோ, அரசினர் அப்பொருளைக் கொள்ள விரும்பின், உலோகத்தின் விலையோடு அதில் ஐந்திலொரு பங்கும் கூட்டித் தரவேண்டும் என்கின்றது. அதற்குக் கண்டெடுத்தவன் ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பில் இன்ன பொருள் என்பதோடு, கிடைத்த இடமும் நாளும் இருத்தல் வேண்டும்.