மூன்று தட்டச்சர்களும் ஒரு புள்ளியும்

1970-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு கணினிக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். விலை சுமார் 65,000 டாலர். புதிதாக ஓர் இயக்குதளம் எழுதப் போகிறோம் என்று கேட்டால் மேலிடம் மசியாது. மல்டிக்ஸ் என்ற பெரிய இயக்குதளத் திட்டத்தில் கையைச் சுட்டுக்கொண்டு முந்தைய ஆண்டுதான் ஆய்வகம் விலகியிருந்தது. எனவே, ஆவணங்களை வடிவமைக்கும் கருவி செய்து தருகிறோம் என்றார்கள். பிடிபி-11 என்ற அந்தக் கணினி வந்துசேர்ந்தது, அவர்களின் இயக்குதளமான யுனிக்ஸ் பிழைத்தது.

முதல் வாடிக்கையாளர், ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை. 1971-இன் பிற்பாதியில் அத்துறையின் மூன்று தட்டச்சர்கள் அந்தக் கணினியில் நாள் முழுக்க விண்ணப்பங்களை அடித்தார்கள். வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட். ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தில் கைவைப்பதைத் தடுக்க வழியில்லை. ஆய்வாளர்கள் புது நிரல் எதையாவது ஓட்டிப் பார்த்தால் எல்லோருடைய வேலையும் நின்றுபோகும் அபாயம். விண்ணப்பத்தின் வரிகளுக்கு எண் போட வேண்டும் என்றது துறை. அதையும் செய்து கொடுத்தார்கள்.

அந்தக் கருவியின் பெயர் ராஃப். எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் 1964-இல் எழுதிய ரன்ஆஃபின் வாரிசு. ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அது கட்டளை. மற்றதெல்லாம் அச்சாக வேண்டிய எழுத்து. இங்கே இடம் விடு, இந்த வரியை நடுவில் வை என்று புள்ளி வரிகள் சொல்லும். வரியை எங்கே முறிப்பது, பக்கத்தை எங்கே முடிப்பது என்பது நிரலின் பாடு. நடுவில் ஒரு பத்தியை நீக்கினாலும் மொத்தத்தையும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை. தட்டச்சுப்பொறியோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதே ஆய்வகத்தின் ஜோ ஒசான்னா இதை ஒளியச்சுக்கோப்பு இயந்திரத்தை இயக்கும் ட்ராஃப் ஆக வளர்த்தார். சக ஆய்வாளர் கெர்னிகனும் ரிச்சியும் தங்கள் 'சி' மொழிப் புத்தகத்தை 1978-இல் அப்படித்தான், தாங்களே அச்சுக்கோத்தார்கள். லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களின் மூலக் கோப்புகளில் புள்ளி வரிகளை இன்றும் பார்க்கலாம்.

ஆனால், அவை கண்ணுக்கு முரடுதான். 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் அந்தக் குறையைப் போக்கியது: தலைப்புக்கு முன்னால் #, அழுத்தம் தர வேண்டிய சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி. வடிவமைக்காமலே படிக்க முடியும். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் எழுதிய பான்டாக், அதே கோப்பை வேர்டு, பிடிஎஃப், மின்னூல் என வேண்டிய வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. சிக்கலான அட்டவணைகள் மட்டும் மார்க்டவுனில் எரிச்சலூட்டும். அதற்கு வேர்டே மேல்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்கு இந்த வழி பழக்கமானது. அங்கே தலைப்பின் இருபுறமும் இரண்டு சமக்குறிகள், தடித்த சொல்லின் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள். மற்றவர்களும் ஏதாவது ஒரு கட்டுரையின் மூலத்தைத் திறந்து பாருங்கள். சேமிக்காமல் வெளியே வந்துவிட்டால் எதுவும் கெடாது.