வீட்டூர்தி டீசல் எஞ்சினில் உறைதடுப்பான்

உறைதடுப்பான் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் நீருடன் கலக்கப்படும் திரவமாகும். அந்நீர் குளிர்காலத்தில் உறையாமலும் கோடையில் எளிதில் கொதிக்காமலும் இருக்க இது உதவுகிறது. நீருடன் கலந்த பின் அக்கலவை குளிர்விப்பான் எனப்படும். தமிழ்நாட்டுப் பணிமனைகளில் இதற்குக் 'கூலன்ட்' என்ற பெயரே வழங்குகிறது. வட அமெரிக்காவில் ஓடும் பெரிய டீசல் வீட்டூர்திகளில் இதைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. அவற்றில் உள்ளவை லாரி, பேருந்துகளுக்குரிய கனரக எஞ்சின்கள். காருக்கென விற்கப்படும் உறைதடுப்பான் அவற்றுக்குப் போதாமல் போகலாம்.

வீட்டூர்தியும் அதன் குளிர்விப்பு அமைப்பும்

மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டூர்தி படுக்கை, சமையலிடம், குளியலறை ஆகியவற்றைக் கொண்ட ஊர்தியாகும். அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் வாழும் ஓய்வுபெற்றோர் பலர் குளிர்காலத்தில் இதில் புளோரிடா, அரிசோனா போன்ற வெப்பமான மாநிலங்களுக்குச் செல்கின்றனர். இதனால் ஒரே எஞ்சின் உறைபனியையும் வெப்பமான மலைச் சாலை ஏற்றத்தையும் ஒரே பயணத்தில் சந்திக்க நேர்கிறது.

பெரிய டீசல் வீட்டூர்திகள் பலவற்றில் எஞ்சின் பின்புறம் உள்ளது. ரேடியேட்டரும் பின்புறமோ பக்கவாட்டிலோ அமைகிறது. ஓட்டுநர் பகுதியைச் சூடேற்றும் கருவி முன்புறம் இருப்பதால் ஊர்தியின் நீளம் முழுவதும் குழாய்கள் செல்கின்றன. ஆகவே காரைவிடப் பல மடங்கு குளிர்விப்பான் தேவைப்படுகிறது. குழாய்களில் காற்று தங்கிவிடும் வாய்ப்பும் அதிகம்.

வேதியியல்

நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. இந்த விரிவு எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலையே விரிசல் விடச் செய்யும். இதைத் தடுக்கப் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற கரிமச் சேர்மம் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1927 ஆம் ஆண்டு 'பிரஸ்டோன்' என்ற வணிகப் பெயரில் இது ஊர்திகளுக்கான உறைதடுப்பானாக விற்பனைக்கு வந்தது.

கலவையின் உறைநிலை அதிலுள்ள கிளைக்காலின் பங்கைப் பொறுத்து ஏறத்தாழப் பின்வருமாறு அமைகிறது:

40 விழுக்காடு: −24 °செ
50 விழுக்காடு: −37 °செ
60 விழுக்காடு: −52 °செ
100 விழுக்காடு: −13 °செ

கடைசி வரி கவனிக்கத்தக்கது. தூய கிளைக்கால் கலவையைவிட விரைவில் உறைந்துவிடும். 'கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு' என்பது ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் பொய்த்துப் போகிறது. மேலும், கிளைக்கால் நீரைவிடக் குறைவாகவே வெப்பத்தை ஏற்கும் என்பதால் அதன் பங்கு கூடினால் எஞ்சின் குளிர்வதும் குறையும். இக்காரணங்களால் பெரும்பாலான இடங்களுக்குச் சரிபாதிக் கலவை பரிந்துரைக்கப்படுகிறது. குளிர்காலத்தில் −40 °செல்சியசுக்கும் கீழே செல்லும் அலாசுக்காவின் பேர்பேங்க்ஸ் போன்ற இடங்களுக்கு 60 விழுக்காடு பொருந்தும். சரிபாதிக் கலவை இயல்பான வளியழுத்தத்தில் சுமார் 108 °செல்சியசிலும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் அதைவிட உயர்ந்த வெப்பநிலையிலும் கொதிக்கிறது. எனவே உறைபனியே இல்லாத ஊரிலும் இக்கலவைக்குப் பயன் உண்டு.

டீசல் எஞ்சினின் தனித் தேவை

கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டருக்குள் 'லைனர்' என்ற தனி உருளை பொருத்தப்பட்டிருக்கும். ஈர லைனர் வகையில் அதன் வெளிப்புறத்தைக் குளிர்விப்பான் நேரடியாகத் தொடுகிறது. பிஸ்டன் இயங்கும்போது லைனரின் சுவரில் மோதி அதை அதிரச் செய்கிறது. சுவர் உள்நோக்கி விலகும் கணத்தில் வெளிப்புறத்தில் அழுத்தம் குறைந்து சிறு ஆவிக்குமிழ்கள் தோன்றுகின்றன. அது திரும்பும் கணத்தில் அவை நொறுங்குகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் உலோகத்தைச் சிறிது பெயர்க்கிறது. இது தொடர்ந்தால் ஊசித் துளைகள் விழுந்து குளிர்விப்பான் சிலிண்டருக்குள்ளும் எஞ்சின் எண்ணெயிலும் கசியும். அந்நிலையில் எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தேய்மானத்தை உறைபனி உண்டாக்குவதில்லை. எனவே கிளைக்காலால் மட்டும் இதைத் தடுக்க இயலாது. நைட்ரைட் போன்ற சேர்க்கைப் பொருள்கள் லைனரின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கித் தேய்மானத்தைக் குறைக்கின்றன. டீசல் எஞ்சினுக்கான குளிர்விப்பான் கார்களுக்குரியதிலிருந்து வேறுபடுவது முதன்மையாக இதில்தான்.

எல்லா டீசல் எஞ்சின்களிலும் ஈர லைனர் இல்லை. வீட்டூர்திகளில் பயன்படும் கம்மின்ஸ் எஞ்சின்களில் 8.3 லிட்டர் சி வரிசை ஈர லைனர் கொண்டது. 5.9 லிட்டர் பி வரிசையில் தனி லைனர் கிடையாது. ஆகவே தன் ஊர்தியில் உள்ள எஞ்சின் எதுவென அறிவதே தேர்வின் முதல் படியாகும்.

தேர்ந்தெடுத்தல்

உறைதடுப்பான்கள் அவற்றிலுள்ள அரிமானத் தடுப்பிகளைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன.

மரபு வகை: சிலிகேட், பாஸ்பேட் முதலிய கனிம உப்புகளைக் கொண்டது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. கனரக எஞ்சினில் பயன்படுத்தும்போது துணைச் சேர்க்கைப் பொருளும் இட வேண்டியிருக்கும்.

கரிம அமில வகை: கரிம அமிலங்களின் உப்புகளைக் கொண்டது. மெதுவாகவே செலவாவதால் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடிக்கும்.

கலப்பு வகை: மேற்கண்ட இரண்டின் கூறுகளையும் கொண்டது.

நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யக் கூடாது. பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயங்களே. நிறத்துக்கெனப் பொதுத் தரம் இல்லை. கலனில் அச்சிடப்பட்டுள்ள தர எண்ணைப் பார்ப்பதே சரியான முறை. அமெரிக்கத் தரங்களில் ஏ.எஸ்.டி.எம். டி 3306 என்பது கார் போன்ற இலகுரக ஊர்திகளுக்கும், டி 6210 என்பது கனரக எஞ்சின்களுக்கும் உரியவை. எஞ்சின் தயாரிப்பாளர் தனித் தரம் குறிப்பிட்டிருந்தால் அதுவே முதன்மை பெறும்.

இருவேறு வகைகளைக் கலந்தால் காப்புத்திறன் குறையும். ஏற்கெனவே உள்ளது எவ்வகை எனத் தெரியாதபோது முழுவதையும் வடித்துக் கழுவிப் புதிதாக நிரப்புவது நல்லது. நைட்ரைட் கொண்ட குளிர்விப்பானைச் சோதனைத் தாள்களால் அவ்வப்போது ஆராய்ந்து, குறைந்தால் மட்டும் துணைச் சேர்க்கையை இட வேண்டும். அளவு மீறினால் அது படிந்து குழாய்களை அடைக்கும்.

அளவைக் கணக்கிடல்

கழுவிய பின்னும் எஞ்சினிலும் நீண்ட குழாய்களிலும் நீர் தங்கியிருக்கும். இதை மறந்து கடையில் கிடைக்கும் சரிபாதிக் கலவையை ஊற்றினால் கிளைக்காலின் பங்கு 50 விழுக்காட்டை எட்டாது. எடுத்துக்காட்டாக, மொத்தக் கொள்ளளவு 40 லிட்டர், தங்கிய நீர் 10 லிட்டர் எனக் கொள்வோம். முதலில் 20 லிட்டர் கலக்காத உறைதடுப்பானை ஊற்றி, மீதி 10 லிட்டருக்குக் காய்ச்சி வடித்த நீரை நிரப்ப வேண்டும்.

உள்ளே இருக்கும் கலவை நீர்த்திருந்தால் பின்வரும் வாய்பாடு உதவும்:

வடிக்க வேண்டிய அளவு = கொள்ளளவு × (வேண்டிய பங்கு − உள்ள பங்கு) ÷ (1 − உள்ள பங்கு)

அதே 40 லிட்டர் அமைப்பில் கிளைக்கால் 40 விழுக்காடு மட்டுமே இருந்தால், 40 × 0.10 ÷ 0.60 = சுமார் 6.7 லிட்டரை வடித்து, அதே அளவு கலக்காத உறைதடுப்பானை ஊற்றினால் பங்கு 50 விழுக்காடாகும்.

குழாய் நீரில் கால்சியம், மக்னீசியம், குளோரைடு உப்புகள் இருக்கலாம். அவை உப்புப் படிவையும் அரிமானத்தையும் உண்டாக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீரோ அயனி நீக்கிய நீரோ தேவை.

ஊற்றும் முறை

1. எஞ்சின் முழுவதும் ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கையில் திறந்தால் கொதிநீர் பீறிட்டுக் காயப்படுத்தும்.
2. பழைய திரவத்தைக் கலனில் வடித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும்.
3. வடிகுழாயை அடைத்து, காற்றுப் போக்கிகளைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்ற வேண்டும்.
4. சூடேற்றும் கருவியை முழு அளவில் வைத்து எஞ்சினை ஓட்டினால் நீண்ட குழாய்களில் தங்கிய காற்று வெளியேறும்.
5. எஞ்சின் ஆறியபின் மட்டத்தைப் பார்த்துக் குறைவை நிரப்பி, ஒளிவிலகல்மானியால் உறைநிலையைச் சோதிக்க வேண்டும்.
6. முதல் பயணத்துக்குப் பின் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

குடிநீர்க் குழாய்க்குரிய உறைதடுப்பான்

வீட்டூர்தியின் சமையலிட, குளியலறைக் குழாய்களைக் குளிர்காலத்தில் காக்கவும் ஒரு திரவம் விற்கப்படுகிறது. அது பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறமுள்ள, நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரொப்பைலீன் கிளைக்கால் கலவையாகும். எஞ்சினுக்குத் தேவையான காப்புப் பொருள்கள் அதில் இல்லாததால் அதை எஞ்சினில் ஊற்றக் கூடாது. எஞ்சினுக்குரியதைக் குடிநீர்க் குழாயில் ஊற்றுவது உயிருக்கே ஆபத்தாகும். எஞ்சின் குளிர்விப்பான்களிலும் இளஞ்சிவப்பு உண்டு என்பதால் கலனின் பெயர்ச்சீட்டைப் படித்த பின்னரே எடுக்க வேண்டும்.

நச்சுத்தன்மை

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது. எனவே சிந்திய திரவத்தைக் குழந்தைகளும் நாய், பூனைகளும் அருந்தக்கூடும். உடலில் இது கிளைக்காலிக் அமிலமாகவும் ஆக்சாலிக் அமிலமாகவும் மாறுகிறது. பின்னர் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கின்றன. தொடக்கத்தில் போதை ஏறியது போன்ற நிலை மட்டுமே தோன்றலாம். அறிகுறிகள் முற்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். போமெப்பிசோல் என்ற முறிமருந்து விரைவாகக் கொடுக்கப்பட்டால் பயன் தரும். அருந்துவதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் பலர் கசப்புப் பொருள் சேர்க்கின்றனர். ஆனால் அது நச்சை நீக்குவதில்லை. சிந்தியதை உடனே துடைக்க வேண்டும். வடித்த திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய கலனில் சேர்த்து மறுசுழற்சி மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.